குறியீட்டெண் இல்லாத நீலம்



சென்ற வாரம் எங்கள் துறையின் ஆய்வு மாணவர் கருத்தரங்கில், மேலாண்மைத் துறையிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சொந்தக் கடைகள் வைத்திருக்கும் ஆடை உற்பத்தியாளர் ஒருவர் பெரிய ஈ.ஆர்.பி. மென்பொருளை வாங்கலாமா, வேண்டாமா என்பதில் மொழியியலுக்கு என்ன வேலை?” அரங்கில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துவிட்டு, பாதி விடை சொல்லி அமர்ந்துவிட்டேன். முழு விடை சொல்ல வேண்டுமென்றால் என் பழைய பிழை ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிட உரையில் அதற்கு இடமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

ஈ.ஆர்.பி. என்ற சுருக்கப்பெயரைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கொள்முதல், உற்பத்தி, கிடங்கு, விற்பனை, கணக்கு, சம்பளம் என ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒரே தரவுத்தளத்தில் கோக்கும் மென்பொருள் அது. அந்தப் பெயரை 1990இல் கார்ட்னர் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் வழக்குக்குக் கொண்டுவந்தது. அதன் வேர் அதற்கும் முந்தியது. இயந்திர ஆலைகளின் மூலப்பொருள் தேவையைக் கணிக்க 1960களில் அமெரிக்காவில் எழுதப்பட்ட நிரல்களிலிருந்து கிளைத்தது. இந்த வம்சாவளியை மறக்கக்கூடாது என்பது என் கருத்து. இயந்திர ஆலையில் ஒரு திருகாணிக்கு இன்று இட்ட எண், பத்தாண்டு கழித்தும் அதே திருகாணியைத்தான் குறிக்கும். பொருள் மாறாது, ஆகவே பெயரும் மாறாது. ஆடைத் தொழிலிலோ ஒரு பொருள் ஒரு பருவம் முழுதும் வாழ்ந்தால் பெரிது. தானே அச்சிட்டு, தானே தைத்து, தன் கடையிலேயே விற்கும் நிறுவனத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிற்கூடம் துணியை மீட்டராகவும் லாட்டாகவும் எண்ணுகிறது. கடை அதையே அளவும் நிறமும் கொண்ட ஒற்றை ஆடையாக எண்ணுகிறது. இரண்டு எண்ணும் முறைகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த மொழிபெயர்ப்பாளர் எப்போதும் ஒரு மனிதராகவே இருந்து வந்திருக்கிறார்.

இனி என் கதை. முதுகலை முடித்தவுடன் எனக்கு ஆய்வு நல்கை கிடைக்கவில்லை. மொழியியல் படித்தவர்களுக்கு வேலைச் சந்தை என்ன வைத்திருக்கிறது என்பதை இங்கே பலர் அறிவீர்கள். குருகிராமில், இத்தகைய மென்பொருளை நிறுவனங்களுக்கு நிறுவித் தரும் அலுவலகம் ஒன்றில், பொருட்பெயர்ப் பட்டியல் வகுக்கும் வேலை கிடைத்தது. ஐட்டம் மாஸ்டர் என்பார்கள். சொல்வகைப்பாடு தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரத்தில் இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பதினான்கு மாதங்கள் அங்கே இருந்தேன். என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வாடிக்கையாளர், ஜெய்ப்பூரில் கை அச்சுத் துணியில் ஆடை தைத்து நான்கு நகரங்களில் தன் கடைகளில் விற்கும் குடும்ப நிறுவனம் ஒன்று. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி என்னுடையவை.

ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரிலும் சற்றுத் தொலைவிலுள்ள பக்ருவிலும் மரக்கட்டை அச்சு பல தலைமுறைத் தொழில். ஒரு பூவை அச்சிட ஒன்றுக்கு மேற்பட்ட கட்டைகள் வேண்டும்: புறக்கோட்டுக்கு ரேக், உள்ளே நிரப்ப தத்தா, பின்புலத்துக்கு கத். தாபு என்னும் முறையில், களிமண்ணும் சுண்ணாம்பும் பிசினும் சேர்ந்த சேற்றைத் துணியில் அச்சிட்டு, உலரவைத்து, அவுரிச் சாயத் தொட்டியில் தோய்ப்பார்கள். சேறு ஒட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அந்த நீலம் தொட்டியின் வயதைப் பொறுத்தது. எத்தனை முறை தோய்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. அன்றைய வெயிலைப் பொறுத்தது. மழைக்காலத்தில் துணி உலர்வதற்கே நாட்கணக்கில் ஆகும். காலையில் தோய்த்ததும் மாலையில் தோய்த்ததும் அருகருகே வைத்தால் தனித்தனியாகத் தெரியும்.

நிறுவனத்தின் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் அறுபதைத் தாண்டிய ஒருவர். அவரை எல்லோரும் சாச்சா என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவரிடம் நீலத்துக்கு மட்டும் நான் திரட்டிய பெயர்கள் பதினேழு. ஆஸ்மானி, ஃபிரோஸி, சுர்மயி போன்ற, அகராதியில் கிடைக்கும் சொற்கள் சில. மற்றவை ஒருமுறை தோய்த்தது, மூன்றுமுறை தோய்த்தது, புதுத் தொட்டி நீலம், தீஜ் பண்டிகைக்கு முந்திய நீலம் என்பன போன்றவை. கடைசியாகச் சொன்னது ஒரு குறிப்பிட்ட ஆண்டின் குறிப்பிட்ட வாரத்தில் இறக்கிய துணிகளுக்கு மட்டும் உரிய பெயர். அந்தத் துணி விற்றுத் தீர்ந்ததும் பெயரும் தீர்ந்துபோகும். ஒரே லாட்டில் வெட்டிய குர்த்தாவையும் துப்பட்டாவையும் அவர் ஒரு நூலால் முடிந்து கடைகளுக்கு அனுப்புவார். நூலின் நிறமும் முடிச்சின் எண்ணிக்கையும் அவருடைய நோட்டில் இருக்கும்.

பதினேழு பெயர்களை நான் நான்காக்கினேன். மூன்று நீலங்களுக்கு ஒவ்வோர் எண். எஞ்சிய அனைத்துக்கும் ‘பிற நீலம்’ என்று நான்காவது எண், பிஎல்யூ-04. பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட அடிப்படை நிறச்சொற்கள் பற்றிய ஆய்வு நூலை என் அறிக்கையின் முன்னுரையில் மேற்கோளாகக் காட்டினேன். வாடிக்கையாளருக்கு அது வெகுவாகப் பிடித்துப்போனது. ஹெரால்ட் காங்க்ளின் பிலிப்பைன்ஸின் ஹனுனோ மக்களின் நிறச்சொற்கள் பற்றி 1955இல் எழுதிய கட்டுரையையும் நான் படித்தவள்தான். அம்மக்களின் நிறப் பாகுபாட்டில் இருளும் ஒளியும் மட்டுமல்லாமல் ஈரமும் உலர்வும் இருப்பதை அவர் காட்டியிருந்தார். நிறச்சொல் என்பது நிறத்தை மட்டும் சொல்வதன்று. பொருளின் நிலையையும் சொல்லும். தேர்வில் இதற்கு நான் விடை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வேலையில் அது நினைவுக்கு வரவில்லை.

மென்பொருள் இயங்கத் தொடங்கிய இரண்டாம் மாதம், கடைகளிலிருந்து புகார்கள் வந்தன. குர்த்தா ஒரு நீலம், துப்பட்டா வேறொரு நீலம். இரண்டுக்கும் ஒரே எண் இருந்ததால், எந்தக் கிடங்குத் தட்டிலிருந்து எது கைக்கு வந்ததோ அதை எடுத்துச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். கணினியின் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. எண்ணிக்கை சரி, மதிப்பு சரி, இருப்பு சரி. வாடிக்கையாளர் மட்டும் துணியைத் திருப்பிக் கொடுத்தார்.

மொழியியல் மாணவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கணக்கருக்கு இரண்டு லாட் நீலமும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள். வேறுபாடு உண்டு, ஆனால் பொருள் வேறுபாடு இல்லை. இணைத் துப்பட்டா தேடும் பெண்ணுக்கோ அவை இரண்டு தனி ஒலியன்கள். எந்த வேறுபாடு பொருளை மாற்றும் என்பதை மொழியைப் பேசுபவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்குள் ஒரே மொழிதான் பேசப்படுகிறது என்று வைத்துக்கொண்டு நான் பட்டியல் எழுதினேன். அங்கே குறைந்தது மூன்று பேசப்பட்டன.

பிழையைச் சரிசெய்ய மென்பொருளில் வழி இருந்தது. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இத்தகைய மென்பொருளில் எல்லாவற்றுக்கும் வழி இருக்கும். லாட் வாரியாக இருப்பைத் தொடரும் மாட்யூலை இயக்கினோம். அதன்பின் துணி தொட்டியிலிருந்து வெளிவரும்போது ஒரு பதிவு, வெட்டும்போது ஒரு பதிவு, தையலுக்குப் போகும்போது, வரும்போது, கடைக்கு ஏற்றும்போது என ஒவ்வொரு படியிலும் ஸ்கேன் செய்ய வேண்டியதாயிற்று. கடையில் பில் போடுபவரும் ஒவ்வோர் ஆடைக்கும் திரையில் விரியும் பட்டியலிலிருந்து லாட் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சனிக்கிழமை மாலை, வரிசையில் எட்டுப் பேர் நிற்கும்போது அவர் என்ன செய்வார்? பட்டியலின் முதல் வரியைத் தட்டினார். எல்லாக் கடைகளிலும் எல்லோரும் முதல் வரியைத் தட்டினார்கள். சில வாரங்களில், எந்தக் கடையில் எந்த லாட் இருக்கிறது என்னும் தகவல், முதல் வரியைத் தட்டியவர்கள் எழுதிய கற்பனையாகிவிட்டது. உண்மை இருப்பை அறிய மேலாளர்கள் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார்கள். எளிமைப்படுத்தியதால் வந்த குறையைத் தீர்க்கச் சிக்கலைக் கூட்டினோம். சிக்கலால் வந்த பொய்யைத் தீர்க்கக் கண்காணிப்பைக் கூட்டினோம். ஒவ்வொரு கூட்டலுக்கும் என் அலுவலகம் தனி விலைச்சீட்டு அனுப்பியது.

சாச்சாவை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. அவருடைய வேலை மென்பொருளுக்குள் போய்விட்டது என்று எல்லோரும் நம்பியதால், அவரை வாயிலருகே உட்காரவைத்து வண்டி எண் எழுதச் சொன்னார்கள்.

இது ஒரு நிறுவனத்தின் தனிக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன். ஆடைத் தொழிலின் பெருக்கல் வாய்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு 120 வடிவங்கள், ஒவ்வொன்றும் ஆறு அளவுகளில், நான்கு நிறங்களில் என்று வைத்துக்கொண்டால் 2880 எண்கள். அடுத்த பருவத்தில் அவற்றில் பெரும்பாலானவை செத்த எண்கள். துணி பிறக்கும் முன்பே அதற்குப் பெயர், விலை, தேவைப்படும் துணியின் அளவு, செய்து முடிக்க ஆகும் நாள் ஆகியவற்றை நிரப்பினால்தான் மென்பொருள் உற்பத்தி ஆணையைத் திறக்கும். ஒரு குர்த்தாவுக்கு இரண்டரை மீட்டர் என்று எழுதியாகிவிட்டது; கட்டிங் மாஸ்டர் தன் திறமையால் கால் மீட்டர் மிச்சம் பிடித்தால் அதை வைக்க அங்கே கட்டம் இல்லை. முன்பெல்லாம் மிச்சத் துணி பைகளாகவும் ஒட்டுத் துணிப் போர்வைகளாகவும் மாறிக் கடைக்கு வந்தது. புதிய ஏற்பாட்டில் அது ‘கழிவு’. கழிவு அதிகமானால் மாஸ்டரிடம் விளக்கம் கேட்கும் மின்னஞ்சல் தானாகப் போகும். மிச்சம் பிடித்ததற்காக விளக்கம் எழுத வேண்டிய நிலை வந்தபின் அவர் மிச்சம் பிடிப்பதை விட்டுவிட்டார்.

வரியைப் பற்றியும் கொஞ்சம். ஜெய்ப்பூர் தொழிற்கூடத்திலிருந்து தில்லியிலுள்ள தன் சொந்தக் கடைக்கே துணி அனுப்பினாலும், இரண்டும் வெவ்வேறு மாநிலப் பதிவுகள் என்பதால் ஜி.எஸ்.டி. சட்டம் அதை வழங்கலாகக் கருதி வரி விதிக்கிறது. வேறு நாட்டை நினைத்து எழுதப்பட்ட மென்பொருளுக்கு இது வெறும் இடமாற்றம். அதை விற்பனைபோல் நடிக்கவைக்கத் தனியே நிரல் எழுத வேண்டும். ஆடைக்கு வரி விகிதமும் விலையைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்குமேல் 18. தள்ளுபடியால் ஓர் ஆடையின் விற்பனை விலை எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கினால் வரி விகிதமே மாறும்; அதாவது அது பொருளின் நிலையான பண்பு அன்று, பில் போடும் நொடியில் தீர்மானமாவது. ஜி.எஸ்.டி. மன்றம் இந்த மாற்றத்தை முடிவு செய்தது செப்டம்பர் 3ஆம் நாள். நடைமுறைக்கு வர இடையில் பத்தொன்பது நாட்கள். சிறு கடைக்காரர் தன் கணக்கு மென்பொருளைத் தானே மாற்றிக்கொள்ள முடிந்தது. பெரிய மென்பொருள் வைத்திருப்பவர் ஆலோசகரின் நாட்குறிப்பில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

(வரிப் பட்டியலுக்கு அடிப்படையான உலகச் சுங்கப் பெயர்முறையில் ஒரு வேடிக்கை. அதன் 62ஆம் அத்தியாயக் குறிப்பின்படி, முன்புறம் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் வந்து மூடினால் அது ஆணின் ஆடை. மாறி மூடினால் பெண்ணின் ஆடை. இருபாலில் எதென்று அடையாளம் காணமுடியாததைப் பெண்கள் ஆடையில் சேர்க்க வேண்டும். பல மொழிகளின் இலக்கணத்தில் ஆண்பாலே பொதுப்பால் வேலையைச் செய்யக் கண்டிருக்கிறோம். சுங்க இலக்கணத்தில் அந்த வேலை பெண்பாலுக்கு. யாராவது இதில் ஆய்வுக் கட்டுரை எழுதினால் முதல் வாசகி நானே.)

பெரிய நிறுவனங்களால் சமாளிக்க முடியும் என்பார்கள். 2008இல் லீவை ஸ்ட்ராஸ் தன் அமெரிக்கப் பிரிவில் புதிய ஈ.ஆர்.பி.க்கு மாறியபோது, ஆணைகளைச் சரியாக நிறைவேற்ற முடியாமல் மூன்று விநியோகக் கிடங்குகளிலிருந்து சரக்கு அனுப்புவதை ஏறத்தாழ ஒரு வாரம் நிறுத்திவைத்தது. அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் அதன் நிகர வருமானம், முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் 4.6 கோடி டாலராக இருந்தது, 10 இலட்சம் டாலராக இறங்கியது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. மென்பொருள் மாற்றமும் ஒன்று என்று நிறுவனமே சொன்னது. 2001இல் நைக், தேவையை முன்கணிக்கும் புதிய மென்பொருளால் விற்காத காலணிகளை அதிகமாகவும் விற்பவற்றைக் குறைவாகவும் செய்துவிட்டு, ஒரே காலாண்டில் ஏறத்தாழ 10 கோடி டாலர் விற்பனையை இழந்ததாக அறிவித்தது. இரண்டு நிறுவனங்களும் பிழைத்துக்கொண்டன. அந்த இழப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு வந்தாலே ஜெய்ப்பூர்க் குடும்பத்தின் கடைகள் மூடப்பட்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் நான் எப்போதும் நினைத்துக்கொள்வது ஸாராவை. ஸ்பெயினின் கலீசியாவைச் சேர்ந்த இந்நிறுவனம் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உலகமே வியந்த வேகத்தில் ஆடை செய்து விற்றுக்கொண்டிருந்தபோது, அதன் கடைகளின் பில் இயந்திரங்கள் டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தில் ஓடின. ஹார்வர்டு வணிகப் பள்ளி இதை ஒரு பாடமாகவே எழுதிவைத்திருக்கிறது. கடை மேலாளர் தன் கண்ணால் பார்த்ததை வைத்து வாரத்துக்கு இருமுறை கையடக்கக் கருவியில் ஆணை அனுப்பினார். தையலில் பெரும்பங்கை அக்கம்பக்கத்துச் சிறு கூடங்கள் செய்தன. முடிவெடுப்பவர் துணிக்கும் வாடிக்கையாளருக்கும் அருகில் இருந்தார். கணினி செய்தியைக் கொண்டுபோனது, அவ்வளவே. பின்னாளில் அந்நிறுவனமும் மின்னணு வில்லை முதலிய பெரிய ஏற்பாடுகளுக்குப் போனது. ஆனால் எதை அளக்க வேண்டும் என்பது தெளிவான பிறகே போனது. அதன் தொழில்நுட்பம் பழையது என்பதைவிட, எது கடைமேலாளரின் வேலை, எது கணினியின் வேலை என்ற பிரிவினை அங்கே குழம்பவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லூசி சச்மன் 1994இல் எழுதிய ஒரு கட்டுரையை ஆய்வுக்கு வந்த முதல் பருவத்தில் படித்தேன். எண்பதுகளில் டெர்ரி வினோகிராடும் ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸும், ஆஸ்டின், சேர்ல் ஆகியோரின் பேச்சுச்செயல் கோட்பாட்டை அடித்தளமாக வைத்து ஓர் அலுவலக மென்பொருளை உருவாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு மடலையும் அனுப்பும் முன் அது வேண்டுகோளா, வாக்குறுதியா என்று வகை குறிக்க வேண்டும். சச்மன் கேட்டது, அந்த வகைகள் யாருக்கு உதவுகின்றன என்பதே. பேசுபவருக்கு உதவுவதைவிட, பேச்சை மேலிருந்து ஒழுங்குபடுத்த விரும்புவோருக்கே அவை உதவுகின்றன என்பது அவர் வாதம். நமது துறையின் கோட்பாடு ஒன்று மென்பொருளாகி மனிதர்களை ஒழுங்குபடுத்தப் போன வரலாறு நாற்பதாண்டுப் பழமையானது என்று அப்போதுதான் அறிந்தேன். பௌக்கரும் ஸ்டாரும் 1999இல் வெளியிட்ட வகைப்பாடு பற்றிய நூலில் ‘பிற’ என்ற வகையைப் பற்றிய பக்கங்களைப் படித்தபோது, எனக்குப் பிஎல்யூ-04 நினைவுக்கு வந்து புத்தகத்தை மூடிவைத்தேன்.

ஆனால் நோட்டுப் புத்தகத்தைப் புனிதமாக்குவதும் என் நோக்கமன்று. உரிமையாளருக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. கடைகளுக்குப் போன சரக்கில் எது விற்றது, எது முடங்கியது என்பது மாதக்கடைசிவரை தெரியாமல் அவர் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். நடைமுறை மூலதனக் கடன் கொடுக்கும் வங்கி மாதந்தோறும் இருப்பு அறிக்கை கேட்கிறது. அறிவு ஒருவர் தலையிலும் ஒரு நோட்டிலும் மட்டும் இருந்தால், அவர் காய்ச்சலில் படுத்தால் அனுப்புகை நின்றுவிடும். நோட்டுக்கும் அதற்கே உரிய அதிகாரம் உண்டு. அதில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்பதை எழுதுபவர் தீர்மானிக்கிறார். நூல் வெட்டி, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுத்த பெண்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். அவர்கள் செய்த உருப்படிகளின் எண்ணிக்கை அந்த நோட்டில் ஒருபோதும் சரியாக இருந்ததில்லை. வாரக்கூலியில் சச்சரவு வராத சனிக்கிழமை இல்லை. மென்பொருள் வந்தபின் ஒவ்வொரு பெண்ணுக்கும் எண்ணிக்கை அச்சிட்ட சீட்டு கிடைத்தது. அவர்களில் ஒருவர் அந்தச் சீட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்ததை எனக்குக் காட்டினார். அந்த ஏற்பாட்டில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்தச் சீட்டு வேலைக்கு மாபெரும் மென்பொருள் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உருப்படி எண்ணும் சிறு நிரல் ஒன்று போதுமாயிருந்தது. கணக்குக்கு ஒன்று, கடை பில்லுக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று எனச் சிறியவற்றை வைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே பாலம் போடுவது இந்த அளவு நிறுவனங்களுக்கு ஏற்றது என்பது என் துணிபு. பாலங்கள் அவ்வப்போது உடையும். உடைந்தால் எங்கே உடைந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளூர் ஆள் ஒருவரால் சரிசெய்யவும் முடியும். ஒற்றைப் பெருந்திட்டத்தில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே மணிக்கணக்குக்குக் கட்டணம் வாங்கும் ஆலோசகர் வேண்டும். அந்த ஆலோசகருக்குத் துணியும் தெரியாது, கடையும் தெரியாது; என்னைப் போல அவருக்கும் பட்டியல் மட்டுமே தெரியும்.

வாங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும், நாளை இந்த வேலைக்குப் போகப்போகும் என் இளைய மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பெயர்ப் பட்டியல் எழுதும் முன் ஒரு பருவம் முழுதும், அதாவது ஒரு மழைக்காலமும் ஒரு தீபாவளியும் கடக்கும்வரை, கிடங்கில் உட்காருங்கள். பெயரை இடுபவர், பயன்படுத்துபவர், மறப்பவர் யார் என்று எழுதுங்கள். காலாவதியாகும் பெயர்களுக்கு அந்த உரிமையைக் கொடுங்கள். குறிப்பு எழுதும் கட்டத்தைக் கட்டாயமற்றதாகவும் நீளமானதாகவும் வையுங்கள். களப்பணி என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அகராதிக்கலை என்று தாள் எழுதுவதும் இதைத்தான். ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாமென்று வாடிக்கையாளரிடம் சொல்லும் துணிவு எனக்கு அன்று இல்லை. உங்களுக்கு இருக்கட்டும்.

கடந்த அக்டோபரில், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, ஆய்வுக்காக மீண்டும் அந்தத் தொழிற்கூடத்துக்குப் போனேன். தையல் வரிசையில் இருவர் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலிருந்த மேலாடையைத் தூக்கிக் காட்டி, “இது ப்ளூ-சார்” என்றார். (‘சார்’ என்பது இந்தியில் நான்கு, நம் ‘சார்’ அன்று.) எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விசாரித்தபோது, இணை கிடைக்காமல் தனித்து நிற்கும் எந்த ஆடைக்கும் அங்கே அதுதான் பெயராம். சிவப்பாக இருந்தாலும் ப்ளூ-சார். எந்த முடிவும் எடுக்காமல் தள்ளிப்போடும் மேற்பார்வையாளர் ஒருவருக்கும் அந்தப் பெயர் ஒட்டியிருந்தது. என் களக்குறிப்பில் சொல்லையும் நாளையும் எழுதிக்கொண்டேன்.

வெளியே வரும்போது வாயிலருகே சாச்சா இருந்தார். நூலால் முடிந்த கட்டுகள் நான்கைந்து அவர் நாற்காலிக்கு அடியில் கிடந்தன. கடை மேலாளர்கள் இப்போது விலையுயர்ந்த இணைகளை மட்டும் அவரிடம் காட்டிவிட்டு எடுத்துப்போகிறார்களாம், கணினியில் ஏறாமல். அந்தப் பட்டியலை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

“தெரியும் பேட்டா,” என்றார். “நான் பதினேழு சொன்னேனே, நீ ஏன் நான்கோடு நிறுத்தினாய்?”

பெர்லின், கே என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. அது உண்மையும் அன்று. கடையின் பில் திரையில் கீழே நகர்த்தாமல் ஒரே பார்வையில் தெரிவது நான்கு வரிகள்தான் என்று சொன்னேன்.